தங்கச்சிச் சேலை

சத்யகலாவா அனுப்பிச்சா உன்னைய? அவளா? ம். சரி, உள்ள வா தாயி, வாசல்ல நின்னு பேசினா ஊருக்கே வேடிக்கை. அந்த ஸ்டூல்ல உக்காராத, ஒரு கால் ஆடும். இங்கிட்டு வந்து வெட்டுத்துணி மூட்டை மேல உக்காரு.

மதுரைக் காலேஜா? கும்மிப்பாட்டு எல்லாத்தையும் போன்ல புடிச்சு எழுதி வைக்கிறியா? நல்ல காரியம். ஆனா பாட்டுன்னு இந்தக் கீழச்சுரைக்குளத்துக்கு வந்தவ மொதல்ல என் வீட்டுக்குல்ல வந்திருக்கணும்? பத்து வருசமா முளைப்பாரிக்கு முன்பாட்டுப் பாடுறது நான். நான் ஒரு வரி பாடுவேன், மத்தவளுக அதை வாங்கிப் பாடுவாளுக. சத்யகலாவுக்கு என்ன தெரியும்? அவ திருப்பூர்க்காரி. வாக்கப்பட்டு வந்து மூணு பங்குனிப் பொங்கல்தான் ஆச்சு. கும்மி கொட்டுறப்ப எந்தக் கால் முன்ன வைக்கிறதுன்னு இன்னும் தடுமாறுவா.

என்ன பாட்டுப் பாடினா உனக்கு? சேலைப் பாட்டா?

சேலைப் பாட்டையா பாடினா? முழுசாவா? போன்ல இருக்கா? வேணாம் வேணாம், போடாத. அப்பறம் பாத்துக்குவோம். நான் கட்டின பாட்டை அவ வாயால கேக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து.

நீ மொதல்ல ஒண்ணு எழுதிக்க. அந்தப் பாட்டு என்னோடது. சுந்தரவள்ளி கட்டினது. ஒரு ஆளை எங்கிட்ட இருந்து கொண்டு போனா, அது போகட்டும், அது தொலைஞ்சது எனக்கு நல்லது. பாட்டையுமா கொண்டு போவா? உன் புஸ்தகத்துல அவ பேரைப் போட்டே, நான் மதுரைக்கே வந்து நிப்பேன், ஆமா. எனக்குன்னு இருக்கறது இந்த மெஷினும் அந்தப் பாட்டும்தான்.

கோவத்துல பேசலை தாயி. எனக்கு எதுக்குக் கோவம்? நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு.

அவன் பேரு எதுக்கு உனக்கு? பேரு சொல்ற அளவுக்கு அவன் ஒரு ஆளில்ல. இதே ஊருதான், ரெண்டு தெரு தள்ளி. திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. பேச்சைக் கேட்டா கம்பெனியே அவனோடதுன்னு நெனைப்ப. பின்பாக்கெட்டுல எந்நேரமும் ஒரு சீப்பு. பஸ்ஸு கண்ணாடி, பீரோ கண்ணாடி, எந்தக் கண்ணாடியைக் கண்டாலும் ஒரு சீவு சீவிக்கிறணும். அதுல என்னத்தைக் கண்டேனோ, ஆறு வருசம் அவன் பின்னாடி கிடந்தேன். நான் மட்டும் கிடக்கலை, அதையும் எழுதிக்க. அவன்தான் மொதல்ல வந்தான். முளைப்பாரியைச் சுத்திக் கும்மி கொட்டுற முளைக்கொட்டு முடிஞ்சு வர்றப்ப, "உன் குரலைக் கேட்டா வேற எதுவுமே கேக்கத் தோணலை"ன்னான். இருபத்தஞ்சு வயசுல அதைக் கேட்டா மண்டையில ஏறாதா?

அவன் திருப்பூர்ல இருப்பான், நான் இங்க தைப்பேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குப் போன் அடிப்பான். "ஒரு பாட்டுப் பாடு"ம்பான். மெஷினை நிப்பாட்டிட்டுப் பாடுவேன். அதைப் புடிச்சு வச்சுக்கிட்டான் போன்ல. ரூம்ல இருக்கற பயலுகளுக்கெல்லாம் போட்டுக் காட்டுவானாம். "யாரு பாடுறதுன்னு கேக்குறானுக, என்ன சொல்ல?"ம்பான். "வருங்காலப் பொண்டாட்டின்னு சொல்லு"ம்பேன். சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்னு அன்னைக்கு யோசிச்சிருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்.

பதினோரு சட்டை தைச்சுக் குடுத்திருக்கேன் அவனுக்கு. தீபாவளிக்கு ஒண்ணு, பங்குனிப் பொங்கலுக்கு ஒண்ணு. எண்ணிப் பாத்தேன்னு நெனைக்காத, தைக்கிறவளுக்குத் தன்னால ஞாபகம் இருக்கும். "அக்கா கல்யாணம் முடியட்டும்"னான், காத்திருந்தேன். அக்கா கல்யாணம் முடிஞ்சுது. "வீட்டுக்கு ஒரு தளம் போட்டுருவோம்"னான், காத்திருந்தேன். அதுக்குள்ள எனக்கு மூணு இடம் வந்துச்சு. மூணையும் நானே ஒரு நொட்டை சொல்லித் தட்டி விட்டேன். ஒருத்தன் பந்தல்குடிக்காரன், நல்ல பையன், இன்னைக்கு சொந்தமா வேன் வச்சிருக்கான். அவனைப் போயி "காது பெருசா இருக்கு"ன்னு சொன்னேன் தாயி.

கடைசியா ஒரு ஐப்பசியில வந்து, "கம்பெனியில ஒரு விசேஷம், நல்லதா ஒரு முழுக்கைச் சட்டை தைச்சுக் குடு"ன்னான். வான நீலத்துல தைச்சேன். காலருக்கு மட்டும் அரை நாள் ஆச்சு. அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் திருப்பூர்ல பொண்ணு பாக்கப் போயிருக்கான். எனக்கு எப்படித் தெரியும்? அவுக ஆத்தா லெச்சுமியம்மா போட்டோ காட்டுச்சுல்ல.

அதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் வந்துச்சு. போன் இல்ல, நேர்ல இல்ல, மெசேஜு. "அம்மா மருந்தைக் குடிச்சிருவேங்குது. என்னைய மறந்துரு. உன் பாட்டை மட்டும் மறக்க மாட்டேன்." அம்புட்டுதான். ஆறு வருசத்துக்கு மூணு வரி. லெச்சுமியம்மாவாவது மருந்தைக் குடிக்கிறதாவது. அது காப்பியே சூடு ஆறினாக் குடிக்காது.

அடுத்த வாரம் அந்த அம்மாவே இங்க வந்து நிக்குது. கையில ஒரு அளவு ஜாக்கெட்டு. "சுந்தரவள்ளி, மருமகளுக்கு முகூர்த்த ஜாக்கெட்டு தைக்கணும். அருப்புக்கோட்டையில குடுத்தாக் கெடுத்துருவாக. உன் கை மாதிரி வராது"ங்குது. அதுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சே வந்திருக்கு. நான் அழுது மூஞ்சி வீங்கி இருக்கேனான்னு பாக்க வந்திருக்கு. நான் என்ன செஞ்சேன்? "குடுங்க, பட்டு எந்தக் கலரு"ன்னேன்.

கச்சிதமாத் தைச்சுக் குடுத்தேன். தொழில்ல பழி தீக்கிறவ இல்ல நான். அளவு ஜாக்கெட்டைக் கையில எடுத்தவுடனே தெரிஞ்சுது, கை ரொம்ப ஒல்லி. இவளையா கட்டப் போறான், ஒரு குடம் தண்ணி தூக்குவாளான்னு நெனைச்சேன்.

ஹூக்கு வச்சுக்கிட்டு இருக்கேன், பக்கத்து வீட்டுச் சீனித்தாய் மூச்சு வாங்க ஓடியாறா. டீக்கடையில பத்துப் பேரு இருக்கையில எவனோ அவங்கிட்டக் கேட்டிருக்கான், "என்னப்பா, தையக்காரப் பொண்ணைக் கட்டுவேன்னு பாத்தோம்"னு. அதுக்கு இந்த மகராசன் என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? "ச்சே, என்னண்ணே இப்படிப் பேசுறீக. சுந்தரவள்ளி எனக்குத் தங்கச்சி மாதிரி. தங்கச்சியாத்தான் பழகினேன்."

தங்கச்சி.

நான் நூலைக் கடிச்சுட்டு மிச்ச ஹூக்கையும் வச்சு முடிச்சேன்.

நல்லாக் கேட்டுக்க தாயி. "ஆசைப்பட்டேன், ஆத்தாளை எதிர்த்து நிக்கத் துப்பில்ல"ன்னு அவன் சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன். துப்பில்லாதவனுகளை எல்லாம் தண்டிக்கணும்னா ஊருல பாதிப் பேரு மிஞ்ச மாட்டான். ஆனா தங்கச்சின்னு சொன்னதும் அந்த ஆறு வருசமே இல்லாமப் போச்சுல்ல? அவன் பெரிய உத்தமனா, தங்கமான அண்ணனாப் பழகியிருக்கான், நான்தான் அதைக் காதல்னு நெனைச்சுக்கிட்டுத் திரிஞ்ச கிறுக்கி. ஊருல அப்படித்தான் பாத்தாளுக. குழாயடிக்குப் போனா பேச்சு நின்னுரும். "பாவம், வயசு ஆகுதுல்ல, அதான் அப்படித் தோணியிருக்கும்"னு ஒருத்தி சொன்னது என் காதுலயே விழுந்துச்சு. பாவமாம்! என்னைய எவளாச்சும் திட்டினாப் பொறுத்துக்குவேன். பாவம்னு சொன்னா எனக்கு ஆகாது. மூணு நாள் அழுதேன். எதுக்குப் பொய் சொல்லணும், மூணு நாள் சோறு இறங்கலை.

தையில கல்யாணம் முடிஞ்சுது. அவளை இங்க ஆத்தாகிட்ட விட்டுட்டு அவன் பாட்டுக்குத் திருப்பூர் போயிட்டான். ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போவான். திருப்பூர்ல பொறந்தவளை இங்கன விட்டுட்டு இவன் மட்டும் எதுக்குத் திருப்பூர்ல இருக்கான்? எனக்கு என்ன தெரியும், எனக்கு எதுக்கு அது. நான் அவனைக் கண்டுக்கிறதே இல்ல. திங்கக்கிழமை எட்டே கால் பஸ்ல போறப்பக் கூட நான் தலையைத் தூக்கிப் பாக்க மாட்டேன். இந்த வாரம் அந்த நீலச் சட்டைதான். காலர் நைஞ்சு போச்சு. பிரிச்சுத் திருப்பித் தைச்சா இன்னும் ரெண்டு வருசம் ஓடும், எவ தைக்கிறா.

எங்க விட்டேன்? ஆங், பங்குனி.

எங்க ஊர் வழக்கம் ஒண்ணு இருக்கு, அதை எழுதிக்க. முளைப்பாரி தூக்குற பொம்பளைக்குக் கூடப்பொறந்தவன் புதுச் சேலை எடுத்துக் குடுக்கணும். தாம்பாளத்துல வச்சு, வெத்தலை பாக்கு பழத்தோட, எல்லார் முன்னாடியும் குடுக்கணும். கூடப்பொறந்தவன் இல்லாதவளுக்கு? எவன் அவளைத் தங்கச்சின்னு நாலு பேரு முன்னாடி வாய்விட்டுச் சொல்லியிருக்கானோ அவன் எடுக்கணும். சொல்லிட்டா முறை முறைதான், பின்வாங்க முடியாது. சீனித்தாய்க்கு அப்படித்தான், எப்பவோ ஒரு திருவிழாவுல வாய் தவறித் தங்கச்சின்னுட்டாரு ரைஸ்மில்லுக்காரரு, இன்னைக்கு வரைக்கும் எடுத்துக் குடுக்கிறாரு.

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. வருசா வருசம் நானே எடுத்து நானே கட்டிக்கிட்டுத் தூக்குவேன். அந்தப் பங்குனியிலயும் ஊருல இருக்கற அம்புட்டுப் பேருக்கும், அவளவ அண்ணன் எடுத்த சேலைக்கு நான்தான் ஜாக்கெட்டு தைக்கிறேன். "எங்க அண்ணன் எடுத்தது, எங்க தம்பி எடுத்தது"ன்னு பீத்திக்கிட்டுக் குடுத்துட்டுப் போறாளுக. தைச்சுக்கிட்டே இருக்கேன், சட்டுன்னு தோணுச்சு. எனக்குத்தான் அண்ணன் இருக்கானே! பத்துப் பேரு முன்னாடி டீக்கடையில சொன்னானே! மெஷினை நிப்பாட்டிட்டுச் சிரிச்சேன். நாலு மாசத்துக்கு அப்பறம் அன்னைக்குத்தான் சிரிச்சேன். பாட்டை அன்னைக்கே கட்டிட்டேன், ரெண்டு ஜாக்கெட்டு தைக்கிற நேரத்துக்குள்ள.

ஏழாம் நாள் முளைக்கொட்டு. பொழுது சாயறதுக்கு முன்னாடியே கூட்டம் கூடிருச்சு. நடுவுல முளைப்பாரிச் சட்டிக, சுத்தி நாங்க ஐம்பது பேரு. இன்னொரு வழக்கத்தையும் எழுதிக்க. பாட்டு ஆரம்பிச்சுட்டா முடியற வரைக்கும் கொட்டுற கையை நிறுத்தக் கூடாது, வாங்கிப் பாடுற வாயை மூடக் கூடாது. நடுவுல எவ நிறுத்துறாளோ அவ வீட்டு முளை கருகிப் போகும்பாக. முன்பாட்டுக்காரி என்ன பாடினாலும் அப்படியே திருப்பிப் பாடணும். என்ன பாடுறோம்னு யோசிக்கிறது எல்லாம் அப்பறம்தான்.

லெச்சுமியம்மா எனக்கு நேர் எதிர்ல, பட்டுச் சேலை கட்டிக்கிட்டு. பக்கத்துல புது மருமக. அவன் கோயில் படியில பயலுகளோட உக்காந்து தலையைச் சீவிக்கிட்டு இருக்கான். நான் கோயில் ஆத்தாளைக் கும்பிட்டுப் பாட்டை எடுத்தேன்.

"கூடப் பொறக்காத அண்ணனுண்டு – எனக்குக்
கொள்ளைப் பிரியமுள்ள அண்ணனுண்டு
பங்குனிப் பொங்கலும் வந்ததண்ணே – உன்
பாசத் தங்கச்சிக்குச் சேலை எங்கே?"

ஐம்பது பேரும் வாங்கிப் பாடிட்டாளுக. "சேலை எங்கே, சேலை எங்கே"ன்னு கொட்டுறாளுக. சில பேருக்கு உடனே வெளங்கிருச்சு, உதட்டைக் கடிக்கிறாளுக. லெச்சுமியம்மாவுக்கு இன்னும் வெளங்கலை, நல்லாத் தலையை ஆட்டிப் பாடுது. அடுத்ததை எடுத்தேன்.

"சட்டை தைச்சுத் தந்தவ தங்கச்சியாம் – அந்தச்
சட்டையில பொண்ணு பாக்கப் போனாயண்ணே
ஆறு வருசம் நான் காத்திருந்தேன் – நல்ல
அண்ணன் கிடைப்பான்னு காத்திருந்தேன்"

இப்ப வெளங்கிருச்சு அந்த அம்மாவுக்கு. மூஞ்சி வெளிறிப் போச்சு. ஆனா நிறுத்த முடியுமா? நிறுத்தினா மகன் வீட்டு முளை கருகிருமே! "சட்டையில பொண்ணு பாக்கப் போனாயண்ணே"ன்னு அதுவே கொட்டிக் கொட்டிப் பாடுது, தன் மகனைப் பாத்து. அந்த மூஞ்சியைப் பாக்க நான் இன்னும் ஆறு வருசம் கூடக் காத்திருப்பேன் தாயி.

"கூறு கெட்டவன்னு சொல்ல மாட்டேன் – எங்க
கூடப் பொறப்பாச்சே சொல்ல மாட்டேன்
கோழைப் பயலேன்னு சொல்ல மாட்டேன் – என்
கொலத்துக்கு அண்ணனே சொல்ல மாட்டேன்"

ஐம்பது பேரும் அதைத் திருப்பிப் பாடினாளுக. படியில பாத்தேன், சீப்பு கையிலயே நிக்குது. பக்கத்துல இருந்த பயலுக விழுந்து விழுந்து சிரிக்கிறானுக.

இதுல ஒரு கூத்தைக் கேளு. அம்புட்டுப் பேருலயும் சத்தமா வாங்கிப் பாடினது யாரு தெரியுமா? அந்தப் புதுப் பொண்டாட்டி! நான் மொத வரி எடுத்தவுடனே வெடுக்குன்னு தலையைத் தூக்கி என்னையவே பாத்தா. அப்பறம் கண்ணை எடுக்கவே இல்ல. நான் பாடினதை அப்படியே, எனக்கு மேல ஒரு கட்டை ஏத்திப் பாடுறா. மாமியா இடிச்சுப் பாக்குது, அவ நிறுத்தலை. உள்ளங்கை செவக்கக் கொட்டுறா. தன் புருசனைத்தான் பாடுறோம்னு கூடத் தெரியாத கூமுட்டை. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல். இந்தப் புத்தி கெட்டவளுக்காகவா என்னைய விட்டான்னு.

பாட்டு முடிஞ்சுது. சீனித்தாய்தான் மொதல்ல கத்தினா, "ஏ, அண்ணங்காரனைக் கூப்பிடுங்கடி! தங்கச்சிக்குச் சேலை எங்கடா?" கோயில்ல இருந்த பெரிய மனுசங்களுக்கும் வேற வழியில்ல. "நீ சொன்னியாப்பா?"ன்னாக. டீக்கடையில இருந்த பத்துப் பேரும் அங்கதானே நிக்கிறானுக. சொல்லலைன்னா, அப்பறம் என்னன்னு பழகினேங்கற கேள்வி வரும். புதுப் பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறா. முழுங்கிட்டு, "சொன்னேன்"னான்.

மறுநாள் காலையில, ஊர்வலம் கெளம்புறதுக்கு முன்னாடி, தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னான். வெத்தலை, பாக்கு, பழம், சேலை. குனிஞ்ச தலை நிமிரலை. நான் கையை நீட்டலை. "அண்ணே, சும்மா குடுத்தா முறையாகுமா? தங்கச்சின்னு வாய்விட்டுச் சொல்லிக் குடுண்ணே"ன்னேன். சொன்னான். காதுக்கே எட்டலை. "அன்னைக்கு டீக்கடையில சத்தமாத்தானே சொன்ன?"ன்னேன். மறுபடி சொன்னான். வாங்கிக்கிட்டேன். அண்ணன் கால்ல விழணும்னு யாரோ சொன்னாக. முளைப்பாரி தூக்கப் போறவ ஆத்தாளுக்கு மட்டும்தான் குனிவான்னுட்டேன்.

அந்தச் சேலையைக் கட்டுவேனா? முந்தியைக் கிழிச்சுச் சும்மாடு கூட்டி, அது மேல சட்டியைத் தூக்கி வச்சேன். மிச்சத்தை வெட்டி மெஷினுக்கு உறை தைச்சேன். இந்தா, உன் முன்னாடி கிடக்குல்ல, இதுதான். இலைப் பச்சை, அரக்குக் கரை. நல்ல சேலைதான், அதைச் சொல்லணும். அவனுக்கு இம்புட்டு ரசனை கிடையாது, என் நெறத்துக்கு எது எடுக்கும்னு அவன் என்னைக்குப் பாத்தான். ராவோட ராவா அருப்புக்கோட்டைக்குப் போனப்ப அவதான் எடுத்திருக்கணும். அவனுக்கு நான் யாருன்னு தெரியாம நல்லதாப் பாத்து எடுத்திருக்கு அந்த மண்டு.

அதுக்கப்பறம் குழாயடியில பேச்சு நிக்கறதில்ல. "அண்ணன் சேலை எங்கடி?"ன்னு கேலி பண்ணுவாளுக, அவனைத்தான். எவளும் என்னையப் பாவம்னு சொல்லலை.

ஆனா இவ தொந்தரவு ஆரம்பிச்சுது. எங்க பாத்தாலும் "நாத்தனா, நாத்தனா"ங்கறா. வெக்கமில்லாம! கேலி பண்றாளா, நெசமாவே கூப்பிடுறாளான்னு தெரியலை. ஒரு நாள் இங்கயே வந்துட்டா. ஜாக்கெட்டு லூசா இருக்காம், புடிச்சுக் குடுக்கணுமாம். நான் தைச்ச அதே முகூர்த்த ஜாக்கெட்டு! அதுவே ஒல்லிக்குத் தைச்சது, அதுக்கும் மேல இளைச்சிருக்கா. குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? நிக்கிறா. "நாத்தனா, உங்க குரல் எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுங்க. அவிங்க போன்ல கேட்டிருக்கேன். யாருன்னு கேட்டதுக்கு ரேடியோன்னாங்க"ங்கறா. நைஸ் பண்றாளாம் என்னைய. அப்பறம், "அந்தச் சேலைப் பாட்டை எனக்குச் சொல்லிக் குடுங்க, எனக்கும் பாடோணும்"னா. "உனக்கு எதுக்குடி அது? போயி வேலையப் பாரு"ன்னு வெரட்டி விட்டேன். ஜாக்கெட்டு அதோ ஆணியில தொங்குது. ரெண்டு மாசம் ஆச்சு. தொடலை. தொட மாட்டேன்.

சொல்லிக் குடுக்காமலே பாடிட்டாள்ல, பாரு. உன்கிட்டப் பாடியிருக்காள்ல. அதான் சொல்றேன், கெட்டிக்காரி.

சரி, போடு. எத்தனை தப்புன்னு பாப்போம்.

ம். சுதி நிக்கலை. "கூடப் பொறக்காத"ன்னு இழுக்கணும், இவ ஓடுறா. ம். ம். சட்டை வந்துருச்சு. வரி எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஒரு தடவை கேட்டு இம்புட்டு ஞாபகம் வச்சிருக்காளே. கோழைப் பயலே, அங்க நல்லா அழுத்துறா. சரி, முடிஞ்சுது, நிப்பாட்டு.

முடியலையா? இன்னும் என்ன இருக்கு? நான் கட்டினது அம்புட்டுதானே.

…

இரு. திரும்பப் போடு அதை. அந்தக் கடைசியை மட்டும்.

"தாலிக்கு ஒரு சேலை எனக்கெடுத்தான் – உன்
தங்கச்சிச் சேலையை நானெடுத்தேன்
மூணாஞ் சேலை அவன் பையில் கண்டேன் – அந்தத்
தங்கச்சி ஊரெது சொல் நாத்தனா?"

…

அவளுக்குத் தெரிஞ்சிருக்கு தாயி. அன்னைக்கு முளைக்கொட்டுல, நான் மொத வரி எடுத்தப்பவே குரல் தெரிஞ்சிருக்கு அவளுக்கு. தெரிஞ்சுதான் உள்ளங்கை செவக்கக் கொட்டியிருக்கா. தெரிஞ்சுதான் என் நெறத்துக்குப் பாத்துச் சேலை எடுத்திருக்கா. நான் அதை வெட்டி மெஷினுக்குப் போட்டு வச்சிருக்கேன். கூமுட்டை, மண்டுன்னு மூணு வருசமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. எனக்குல்ல வெளங்கலை! ஆறு வருசம் அவனைப் பாத்தும் வெளங்கலை, மூணு வருசம் இவளைப் பாத்தும் வெளங்கலை.

மூணாஞ் சேலையாம். திருப்பூர்ல எவளோ மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அவனுக்குப் பாடிக்கிட்டு இருப்பா. அவளும் தங்கச்சி மாதிரிதான்னு இவகிட்டச் சொல்லியிருப்பான். அதான் இளைச்சிருக்கா புள்ள. அதான் ஜாக்கெட்டைச் சாக்கு வச்சுக்கிட்டு வந்து நின்னிருக்கா. நான் வேலையப் பாருன்னு வெரட்டி விட்டேன்.

பாட்டுக்கு முன்னாடி அவ என்னமோ பேசினாளே, அதைப் போடு. சத்தமா வையி.

"இது எங்க நாத்தனா கட்டின பாட்டுங்க. கடைசி நாலு வரி மட்டும் என்ரது. அவிங்களைக் கேட்டுப்போட்டுத்தான் நீங்க எழுதோணும்."

கேட்டியா? பாட்டை அவ கொண்டு போகலை. அவ கொண்டு போனது ஒண்ணே ஒண்ணுதான், அதைக் கொண்டு போய்ப் பாவம், பாடு படுறா.

அந்த ஆணியில இருக்கற ஜாக்கெட்டை எடு. அந்த உறையையும் எடுத்துக் கீழ வையி. இல்ல, கீழ வேணாம், இங்க குடு, மடிச்சு வைக்கிறேன். போற வழியில சத்யகலா வீட்டுல ஒரு எட்டு நின்னு சொல்லு. ஜாக்கெட்டுப் புடிச்சு வைக்கிறேன், சாயங்காலம் வந்து போட்டுப் பாக்கச் சொல்லு. அவ மாமியா காதுல விழுற மாதிரியே சொல்லு. கூலி கிடையாது, மதினிக்கு நாத்தனா தைக்கிறதுன்னு சொல்லு. வந்தாச் சுதியையும் சரி பண்ணிருவோம், இந்தப் பங்குனிக்கு அந்த நாலு வரியையும் சேத்து எடுக்கணும். அந்த நாலை அவதான் முன்பாட்டாப் பாடணும், நான் வாங்கிப் பாடுவேன்.

இப்ப உன் நோட்டை எடு. எழுது. பாட்டுக் கட்டினவுக ரெண்டு பேரு. ஒண்ணு சுந்தரவள்ளி, ஒண்ணு சத்யகலா. என்ன உறவுன்னு கேட்டா, நாத்தனாளும் மதினியும்னு எழுது.

யாரு வழியிலயா?

அப்படி ஒருத்தன் இல்லன்னு எழுது.